சத்தம் போடும் கடனுக்கு முதலில் கொடுக்காதீர்கள்

கேள்வி:

எனக்கு 36 வயது. திருப்பூரில் இருக்கிறோம். கணவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நான் செக்கிங் வேலைக்குப் போகிறேன். சனிக்கிழமை சம்பளம். அவருக்கு வாரம் 3,600, எனக்கு 2,000 வரும். மகள் ஒன்பதாவது, மகன் நாலாவது படிக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு மாமியாருக்கு ஆபரேஷன் என்று ஆரம்பித்த கடன், இன்று எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை.

குழு லோன் இரண்டு. ஒன்றில் 38,000, இன்னொன்றில் 27,000 பாக்கி. மாதம் 3,100-ம் 2,300-ம் கட்ட வேண்டும். தெரிந்தவர் ஒருவரிடம் நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் என்று அஞ்சு வட்டிக்கு 50,000 வாங்கி, 19 மாதமாக வட்டி மட்டும் கட்டுகிறேன். இது கணவருக்குத் தெரியாது. அவரும் எனக்குத் தெரியாமல் தண்டல் வாங்கியிருக்கிறார். 20,000 என்று எழுதி 17,000 கையில் கொடுத்தார்களாம். தினம் 200, இன்னும் 40 நாள் இருக்கிறது. ஃபிரிட்ஜுக்கும் செல்போனுக்கும் மாதத் தவணை 1,450, இன்னும் ஏழு மாதம். 2 பவுன் செயினும் ஒரு பவுனுக்குக் கம்மல், மோதிரமும் அடகுக் கடையில் 90,000-க்கு, இரண்டு வட்டியில் இருக்கின்றன. எட்டு மாதமாக வட்டி கட்டவில்லை. வாடகை, மளிகை, பிள்ளைகள் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 14,000 ஆகிறது.

குழு லோன் வசூலுக்கு வரும் பையன் ராத்திரி எட்டு மணி வரை வாசலில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். இன்னொரு கம்பெனியில், எல்லாக் கடனையும் அடைத்துவிட்டு ஒரே லோனாகக் கட்டலாம் என்று கூப்பிடுகிறார்கள். வாங்கலாமா? சில ராத்திரிகளில், விடியாமலே போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்த நினைப்பு வரும் ராத்திரியில் தனியாகப் படுத்திருக்காதீர்கள். கணவரை எழுப்புங்கள். அவரிடம் சொல்ல முடியவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்கோ 104-க்கோ கூப்பிடுங்கள். இரண்டுமே அரசு நடத்தும் இலவச உதவி எண்கள். எந்த நேரத்திலும் தமிழில் பேசுவார்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. வங்கியில் 31 வருடம், பிறகு ஒரு கடன் ஆலோசனை மையத்தில் ஏழு வருடம் இருந்தேன். உங்களுடையதைவிடப் பெரிய தொகையை வைத்துக்கொண்டு உங்களைவிடக் குறைந்த வருமானத்தில் இருந்தவர்கள் கடன் தீர்ந்து வெளியே வந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். உங்கள் கணக்குத் தீரக்கூடிய கணக்கு. போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை என்றீர்கள். நீங்கள் எழுதியதையே கூட்டினேன். குழு லோன் இரண்டும் 65,000. அஞ்சு வட்டிக் கடன் 50,000. தண்டல் பாக்கி 8,000. தவணை பாக்கி 10,150. அடகுக் கடையில் அசல் 90,000-உடன் எட்டு மாத வட்டி 14,400 சேர்ந்து 1,04,400. மொத்தம் 2,37,550 ரூபாய். நீங்கள் இருவரும் சேர்ந்து பத்து மாதம் சம்பாதிப்பது. பெரிய தொகைதான், ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. எல்லை தெரியாத கடன்தான் ராத்திரியில் தூங்க விடாது.

அடுத்து, மாதக் கணக்கு. குழு லோன் 5,400, அஞ்சு வட்டிக்கு 2,500, தண்டலுக்கு 6,000, தவணை 1,450. அடகு வட்டியைக் கட்டாமலே மாதம் 15,350 போகிறது. வீட்டுச் செலவு 14,000. கூட்டினால் 29,350. நாலு வாரச் சம்பளம் 22,400. மாதா மாதம் 6,950 ரூபாய் பள்ளம் விழுகிறது. நீங்கள் ஊதாரித்தனம் செய்யவில்லை. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் தண்டல் வந்தது, இரண்டாவது குழு லோன் வந்தது. தண்டல் முடிகிற வாரத்தில் அதே ஆள், "இன்னொரு இருபது போடட்டுமா?" என்று கேட்பார், பாருங்கள்.

புதுக் கம்பெனி லோன் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். ஐம்பதாயிரமோ அறுபதாயிரமோ தருவார்கள். அதில் உங்கள் கடன் எல்லாம் அடைபடாது. ஒன்றிரண்டை அடைத்துவிட்டு மீதியைக் கையில் வைத்திருப்பீர்கள். மாதம் ஏழாயிரம் பள்ளம் விழுகிற வீட்டில் ஐம்பதாயிரம் ஏழு மாதத்துக்குத் தாங்கும். எட்டாவது மாதம் அதே வாசலில் இரண்டுக்குப் பதில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குக் குழு லோன் மாதிரியான நுண்கடன் கொடுக்கும்போது, எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்களுடைய 15,350 இப்போதே அதைத் தாண்டிவிட்டது. ஆனால் அஞ்சு வட்டியும் தண்டலும் அவர்கள் கணினியில் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றி இனி சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

இத்தனை கடனில் நீங்கள் யாருக்கு அதிகம் பயப்படுகிறீர்கள்? வாசலில் உட்காரும் குழு லோன் பையனுக்கு. அடுத்து, தினமும் பைக்கில் வரும் தண்டல்காரருக்கு. அதனால் கையில் காசு வந்ததும் அவர்களுக்குப் போகிறது. அஞ்சு வட்டிக்காரர் மாதம் ஒரு முறை சிரித்துப் பேசி வாங்கிக்கொண்டு போகிறார். அடகுக் கடைக்காரர் சத்தமே போடவில்லை, அதனால் எட்டு மாதமாக அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. இதையே வட்டியை வைத்துப் பாருங்கள். குழு லோனுக்குப் பெரும்பாலும் ஆண்டுக்கு 24 சதவீத அளவில் வட்டி இருக்கும். உங்கள் லோன் கார்டில் அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். அடகுக் கடையின் இரண்டு வட்டியும் ஆண்டுக்கு 24-தான், ஆனால் அசல் பெரிது, பொருள் அவர் கையில். அஞ்சு வட்டி என்பது ஆண்டுக்கு 60 சதவீதம். ஐம்பதாயிரத்துக்கு இதுவரை 19 மாதத்தில் 47,500 கட்டியிருக்கிறீர்கள். வாங்கிய பணம் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பப் போய்விட்டது, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

சத்தம் போடாத இந்த இரண்டு இடத்திலும் சேர்ந்து மாதம் 4,300 ரூபாய் வட்டி ஏறுகிறது. நீங்கள் செக்கிங்கில் இரண்டு வாரம் நின்று சம்பாதிப்பதைவிட இது அதிகம். யார் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்கு முதலில் கொடுப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. மானத்துக்குப் பயந்துதான் அப்படிச் செய்கிறோம். ஆனால் அவமானம் ஒரு கணக்கு, வட்டி வேறு கணக்கு. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதியதால்தான் மூன்று வருடமாக அசல் அசையவில்லை.

தண்டலைப் பற்றி ஒரு வார்த்தை. 17,000 வாங்கி நூறு நாளில் 20,000 கட்டுவது, மூவாயிரம்தானே என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி ஏறக்குறைய 120 சதவீதம். ஆனாலும் அந்த வட்டியை அவர் முதல் நாளே பிடித்துக்கொண்டுவிட்டார். இப்போது ஓடி ஓடி முன்கூட்டியே அடைத்தாலும், அவராகக் குறைத்துக்கொண்டால் ஒழிய உங்களுக்கு லாபம் இல்லை. நாற்பது நாள் ஓடட்டும். மறுபடி வாங்காமல் இருந்தால் போதும். ஃபிரிட்ஜ் தவணையும் அப்படித்தான், ஏழு மாதம் ஓடி முடியட்டும்.

ஆக, கைவைக்க வேண்டிய இடம் நகை.

செயினை விற்றுவிடுங்கள். எழுதும்போதே எனக்குத் தெரிகிறது, இந்த வரியில் நீங்கள் நின்றுவிடுவீர்கள். அம்மா வீட்டில் போட்டதாக இருக்கும். மகளுக்கு என்று வைத்திருப்பீர்கள். ஆனால் அந்தச் செயின் இப்போது உங்களிடம் இல்லை. அடகுக் கடைக்காரரின் பெட்டியில் இருக்கிறது, மாதம் 1,800 ரூபாய் வட்டி ஏற்றிக்கொண்டு. அடகுச் சீட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மீட்பதற்கு ஒரு வருடமும் ஏழு நாளும் கெடு என்று இருக்கும், சட்டமும் அதுதான். குறைந்தது எட்டு மாதமாவது போய்விட்டது. இன்னும் நாலு மாதம் சும்மா இருந்தால் மூன்று பவுனும் ஏலத்துக்குப் போகும். இன்று நீங்களே இரண்டு பவுனை விற்றால் ஒரு பவுன் வீட்டுக்கு வரும்.

கணக்குக்காகப் பழைய நகை பவுன் 80,000 என்று குறைத்தே வைத்துக்கொள்கிறேன். விற்கிற அன்றைக்குக் கழிவு போக என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பவுனுக்கு 1,60,000. அடகுக் கடைக்கு 1,04,400 கொடுத்து எல்லாவற்றையும் மீட்டால் மீதி 55,600. அதில் 50,000-ஐ அஞ்சு வட்டிக்காரரிடம் கொடுத்துக் கணக்கை முடியுங்கள். மீதி 5,600-ஐ எடுத்து வைத்தால் தண்டலில் 28 நாளுக்கு ஆகும். மிச்சம் 12 நாளுக்கு 2,400. கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் வந்துவிடும்.

நகை உள்ளே இருக்கும்போது விற்பது எப்படி? இரண்டு வழி உண்டு. அடகில் உள்ள நகையை மீட்டு வாங்கிக்கொள்ளும் கடைகள் திருப்பூரில் இருக்கின்றன. மூன்று கடையிலாவது விலை கேளுங்கள். எடை, கழிவு, மீட்கும் கட்டணம் மூன்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். அவசரத்தில் இருப்பவரிடம் அடித்து வாங்குவது அந்தத் தொழிலில் சாதாரணம். இரண்டாவது வழி, அண்ணன், தம்பி, நாத்தனார் என்று யாராவது ஒருவரிடம் ஒரே ஒரு நாள் கைமாற்றாக வாங்கி, அவரையே கூட அழைத்துக்கொண்டு போய் மீட்டு, அங்கிருந்து நேராக நகைக்கடைக்குப் போய் விற்று, அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுப்பது. கடன் கேட்டால் தயங்குகிற சொந்தக்காரர்கூட "ஒரு நாள் கூட வந்து நில்லுங்கள்" என்றால் வருவார். எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். நமக்குத்தான் வாய் வராது.

விற்க மனசு ஒப்பவே இல்லை என்றால் ஒரு மாற்று வழி சொல்கிறேன். மூன்று பவுனையும் மீட்டு, அரசு வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வையுங்கள். அங்கே நகைக்கடன் வட்டி அடகுக் கடை வட்டியில் பாதிகூட இருக்காது. ஆனால் அடகுக் கடைக்கும் அஞ்சு வட்டிக்கும் சேர்த்து வாங்க வேண்டிய ஒன்றரை லட்சம் ரூபாயை ஒரு வருடத்தில் திருப்ப உங்களால் முடியாது. மறுபடி வட்டியைக் கட்டிப் புதுப்பிப்பீர்கள், அதற்கடுத்த வருடமும் அப்படியே. நான் உங்கள் வீட்டு மனுஷியாக இருந்தால் விற்கத்தான் சொல்வேன். வீட்டுக்கு வரும் அந்த ஒரு பவுனை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகலாம், தண்டலுக்குப் போக வேண்டாம்.

அஞ்சு வட்டிக்காரரிடம் போகும்போது வெறும் கையோடும் தலை குனிந்தும் போகாதீர்கள். 47,500 கொடுத்திருக்கிறேன், அசலில் எவ்வளவு குறைத்துக்கொள்வீர்கள் என்று நேராகக் கேளுங்கள். ஐந்தாயிரமோ பத்தாயிரமோ விடுவார்கள், மொத்தமாகப் பணத்தைப் பார்த்தால் பலர் விடுவார்கள். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவோ செல்போனில் ஜிபே வழியாகவோ அனுப்புங்கள், சாட்சி இருக்கும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டு, வெற்றுக் காசோலை எதுவானாலும் அப்போதே கையில் வாங்கிக் கிழித்துவிட்டு வாருங்கள். நாளைக்குத் தருகிறேன் என்றால், நாளைக்கே பணமும் தருகிறேன் என்று சொல்லுங்கள். இதில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள். கடன் தீர்ந்த பிறகும் வெற்றுப் புரோநோட்டில் தொகை எழுதி வழக்குப் போட்ட கதைகளோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

அவர் மிரட்டினால் சட்டம் உங்கள் பக்கம். தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. தின வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் பெயரோடு சொல்லப்பட்டிருக்கின்றன. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பணத்தை வாங்க மறுத்தால் நீதிமன்றத்தில் கட்டவும் அதில் வழி இருக்கிறது. காவல் நிலையத்துக்குப் போகத் தயக்கமாக இருந்தால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். முதல் நாளே இதையெல்லாம் எடுத்து வீச வேண்டியதில்லை. பேசித் தீர்த்தால் நல்லது. ஆனால் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால் குரல் நடுங்காது.

இப்போது வாசலில் உட்காரும் பையனைப் பற்றி. நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வசூல் நடப்பது இருவரும் பேசி முடிவு செய்த இடத்தில்தான். அங்கே தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ நீங்கள் வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். வந்தாலும் கெட்ட வார்த்தை பேசவோ, அக்கம்பக்கத்தில் அவமானப்படுத்தவோ, சொந்தக்காரரைத் தொல்லை செய்யவோ கூடாது. அந்தப் பையனிடம் சண்டை போடாதீர்கள், அவனுக்கும் மேலே ஒருவன் இருந்து விரட்டுகிறான். கிளை மேலாளருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எந்தத் தேதியில் எத்தனை மணி வரை உட்கார்ந்திருந்தார், நீங்கள் தவணை கட்டத் தயார், தேவைப்பட்டால் தவணைக் காலத்தை நீட்டித் தர வேண்டும் என்று எழுதி, நகலில் முத்திரையோ கையெழுத்தோ வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448-ல் கூப்பிட்டால் வழி சொல்வார்கள், கட்டணம் கிடையாது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025-லும் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது.

அதற்காகக் குழு லோன் தவணையை நிறுத்திவிடாதீர்கள். குழுவில் உங்களுக்காகக் கையெழுத்துப் போட்ட மற்ற பெண்களும் உங்களைப் போல சனிக்கிழமைச் சம்பளக்காரர்கள். எல்லாக் கடனுக்கும் குறைந்தபட்சத் தவணை போக வேண்டும். கையில் மிஞ்சுகிற பணம் எதற்குப் போவது என்பதில்தான் வரிசை.

எவ்வளவு மிஞ்சும்? செயினை விற்ற பிறகு அடகு வட்டி இல்லை, அஞ்சு வட்டி இல்லை, நாற்பது நாளில் தண்டலும் இல்லை. குழு லோன் 5,400, தவணை 1,450, வீட்டுச் செலவு 14,000. மொத்தம் 20,850. சம்பளம் 22,400. மாதம் 1,550 மிச்சம். ஏழாயிரம் பள்ளம் இருந்த இடத்தில் ஆயிரத்தைந்நூறு மேடு.

வாரச் சம்பளக்காரர்களுக்கு மட்டும் கிடைக்கிற ஒரு வசதியைச் சொல்கிறேன். நான் எல்லாக் கணக்கையும் மாதத்துக்கு நாலு வாரம் என்று வைத்தே போட்டேன். வருடத்துக்கு 52 வாரம். அதாவது வருடத்தில் நாலு மாதத்துக்கு ஐந்தாவது சனிக்கிழமை வரும். வாடகை, மளிகை எல்லாம் நாலு சம்பளத்தில் முடிந்துவிட்டது என்றால், அந்த ஐந்தாவது கவர் முழுசாக 5,600. காலண்டரில் இன்றே அந்த நாலு சனிக்கிழமையையும் சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள். முதல் வட்டத்தின் பணத்தை வங்கியில் போட்டுத் தொடாமல் வையுங்கள், அது காய்ச்சல் தலைவலிக்கு. அடுத்த மூன்றும் தீபாவளி போனஸும் சின்னக் குழு லோனுக்கு. நுண்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதி. சின்னதை முடித்ததும் அந்த 2,300 கையில் நிற்கும். அதற்குள் ஃபிரிட்ஜ் தவணையும் முடிந்திருக்கும். அந்த 2,300, தவணையின் 1,450, மாத மிச்சம் 1,550 மூன்றையும் சேர்த்துப் பெரிய குழு லோனில் போட்டால், ஏறக்குறைய ஒரு வருடத்தில் முடிகிறது. சீசன் மந்தமாகி ஷிஃப்ட் குறைந்தால் ஒன்றரை வருடம் ஆகலாம். ஆகட்டும். கீழ்நோக்கி இறங்குகிற கணக்கு மெதுவாக இறங்கினாலும் பரவாயில்லை.

இவ்வளவும் நடக்க வேண்டுமானால் முன்னால் ஒன்று நடக்க வேண்டும். நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆலோசனை மையத்தில் ஒரு தம்பதி எதிரே உட்கார்ந்திருந்தார்கள். தாளில் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். இரண்டு தாளிலும் ஒரே வட்டிக்காரரின் பெயர் இருந்தது. அவளுக்குத் தெரியாமல் அவர், அவருக்குத் தெரியாமல் அவள், ஒரே ஆளிடம் ஒன்றரை வருடம் தனித்தனியாக வட்டி கட்டியிருக்கிறார்கள். அந்த ஆளுக்கு இரண்டும் தெரியும். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அந்தப் பெண்ணின் முகம்தான் ஞாபகம் வந்தது. உங்கள் கணவர் தண்டல் வாங்கியதும் நீங்கள் அஞ்சு வட்டிக்கு வாங்கியதும் ஒரே காரணத்துக்காக, மற்றவருக்குக் கஷ்டம் தெரியக் கூடாது என்றுதான். அதை வைத்து ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளாதீர்கள்.

ஞாயிறு மத்தியானம், சாப்பிட்ட பிறகு, பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு உட்காருங்கள். அவர் குடித்திருக்கிற நேரமோ, வேலை முடிந்து வந்த ராத்திரியோ வேண்டாம். லோன் கார்டு, அடகுச் சீட்டு, தண்டல் அட்டை எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். அஞ்சு வட்டிக் கடனை நீங்களே முதலில் சொல்லுங்கள். முதலில் சொல்கிறவர்தான் அந்த அறையில் பயத்தை உடைப்பவர். அவர் கோபப்படலாம். எழுந்து வெளியே போய்விடவும் கூடும். டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார். யாரால் வந்தது என்ற பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள். ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: யாரிடம், எவ்வளவு பாக்கி, மாதம் எவ்வளவு, வட்டி எத்தனை, எப்போது முடியும். மகள் ஒன்பதாவது படிக்கிறாளே, கூட்டல் கணக்கை அவளிடமே பிறகு காட்டிச் சரிபாருங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்கிறோம், வாசலில் ஆள் உட்காருவதை அவர்களும்தான் பார்க்கிறார்கள்.

இருவரும் வருடத்துக்கு ஒரு முறை கடன் அறிக்கையை இலவசமாக எடுக்கலாம். எல்லாருடைய கடன் விவரத்தையும் திரட்டி வைக்கும் சிபில் மாதிரி நிறுவனங்கள் தர வேண்டும் என்று விதி. உங்கள் பெயரில் வேறு ஏதாவது லோன் ஓடுகிறதா, அடைத்த கடன் இன்னும் பாக்கி என்று நிற்கிறதா என்று அதில் தெரியும். சிபிலைச் சரிசெய்து தருகிறேன், முன்பணம் கொடுங்கள் என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். செல்போனில் ஐந்து நிமிடத்தில் லோன் என்று வரும் ஆப்களையும் இருவர் போனிலிருந்தும் நீக்குங்கள்.

கடைசியாக, இந்தக் கடன் தொடங்கிய இடம். மாமியாரின் ஆபரேஷனுக்கு வெளியே கடன் வாங்கினீர்கள். உங்கள் கணவருக்கும் உங்களுக்கும் கம்பெனியில் ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்களா? மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு அது உரிமை. தொழிலாளியிடம் பிடிப்பது சம்பளத்தில் 0.75 சதவீதம், 3.25 சதவீதத்தை முதலாளி கட்ட வேண்டும். கணவனை, மனைவியை, பிள்ளைகளை மட்டுமல்ல, தொழிலாளியைச் சார்ந்திருக்கும் தாய் தந்தையையும் அது காக்கும். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களை இதில் சேர்க்காமல் விடுகிற கம்பெனிகள் உண்டு. கையில் முழுக் கூலி வரட்டும் என்று நாமும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். வாரம் 27 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் மூன்று வருடக் கடன் வந்ததை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. இந்த வாரமே கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால், பிடிக்கிற கம்பெனியில் வேலை இருக்கிறதா என்று விசாரியுங்கள். கூலி ஐம்பது ரூபாய் குறைந்தாலும் சரி.

முதலில் அடகுச் சீட்டைத் தேடி எடுத்து, அதில் இருக்கும் தேதியைப் பார்த்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். செயினுக்கு மூன்று கடையில் என்ன விலை சொன்னார்கள் என்பதையும் எழுதினால், அஞ்சு வட்டிக்காரரிடம் எவ்வளவு கேட்டுப் பார்க்கலாம் என்று சேர்ந்து கணக்குப் போடுவோம்.